நாலாவது வரி

ஒரு சனி கிளிநொச்சியில்,
மறு சனி வீட்டிலிருந்து.
நேர அட்டவணை அப்படித்தான் சொன்னது.
வீட்டில் ஒரு கோடுகூட எழும்பாது.
மல்லாவிச் சந்திக்குக் கிழக்கே
சங்கத்து உரக்களஞ்சியத்தில்
மூன்று கோடு வரும்.
மச்சான் திறப்பைத் தந்திருந்தார்.
யூரியா மூட்டையின் மேல் மடிகணினி,
பக்கத்து மூட்டையில் நான்,
முதுமாணிக் கணிதம், இரண்டாம் அரையாண்டு.

"கேக்குதோ?" என்பார் கனகேந்திரன் சேர்.
பதினெட்டுக் கறுப்புப் பெட்டிகளில்
இரண்டு மட்டும் வெளிச்சமாகி
"ஓம் சேர்" என்னும்.
மற்றவர்கள் பிள்ளைக்குச் சோறு தீத்தலாம்,
மோட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றலாம்.
ஒருமுறை யாரோ மைக்கை மூட மறக்க
விரிவுரை முழுக்க மயில் அகவியது.
எவருடைய மயில் என்று கடைசிவரை தெரியாது.

அன்று அவர் எழுதினார்:
தொடர்ச்சியான சார்புகளின் வெளி.
"இரண்டு சார்புக்கிடையில தூரத்தைத்
தொகையீட்டால அளப்பம்.
அப்படி அளந்தால், இந்த வெளி"

அதோடு நின்றுவிட்டார்,
வாய் பாதி திறந்தபடி, கை பலகையில்.
சின்ன வட்டமொன்று அவர் நெற்றியில் சுற்றியது.
வெளியே உழவு இயந்திரம் வந்து,
எட்டு மூட்டை ஏற்றி,
போயும் விட்டது.
சேர் இன்னும் அந்தச் சொல்லிலேயே நின்றார்.

"பூரணமானது" என்று நானே முடித்தேன்.
வேறெப்படி முடியும் அந்த வசனம்?

இரவு பன்னிரண்டுக்குப் பிறகு டேட்டா மலிவு,
பதிவைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை. ருசி பிடித்துவிட்டது.
பத்தாம் ஆண்டுக் கொப்பிகளைத் திருத்தி முடித்து
சங்கத்துப் பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தில்
ஒரு கிழமையாய் எழுதினேன்,
பதினொரு வரி நிறுவல்.
இவ்வளவு அழகாய் நான் ஒன்றும் எழுதியதில்லை.

மறு சனி ஆறு ஐந்து பஸ்.
மாங்குளத்தில் மாறி ஏறி
முறிகண்டி வரை நின்றுகொண்டே.
அங்கே எல்லாரும் இறங்கிக் கும்பிட்டார்கள்,
கச்சான் வாங்கினார்கள்.
நான் ஆறாவது வரியைச் சரிபார்த்தேன்.
அது சரியாகத்தான் இருந்தது.

வகுப்பில் ஏழு பேர்.
மிச்சப்பேர் சுவரில், பெட்டிகளாக.
பதினொரு வரியையும் பலகையில் எழுதிவிட்டு
கையைத் தட்டினேன்.
சேர் ஒன்றும் சொல்லவில்லை.
சுவரிலிருந்து முருங்கன் ஜெசிந்தா சொன்னாள்:

"நாலாவது வரியில அந்தச் சார்பு
எங்கயிருந்தக்கா வந்தது?
ஒண்டுக்கொண்டு கிட்டக் கிட்ட வருகுது, சரி.
கிட்ட வந்தாப்போல
போய்ச்சேருற இடம் இந்த வெளிக்குள்ளதான் எண்டு
ஆர் சொன்னது?
இப்ப, படுக்கையா வந்து, சரிவா ஏறி,
திரும்பப் படுக்கையாப் போற ஒரு கோட்டை எடுங்கோ.
சரிவைக் கொஞ்சம் கொஞ்சமா நிமித்துங்கோ.
ஒவ்வொண்டும் முறியாத கோடு.
ஆனாக் கடைசியில"

வட்டம் சுற்றத் தொடங்கியது.

ஒரு முகம் வாய் திறந்தபடி நிற்பதை
இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை.
சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"பாடம் நிறையக் கிடக்கு."
"கொஞ்சம் பொறுங்கோ சேர்" என்றேன்.

பலகையின் ஓரத்தில் அவள் சொன்னதைக் கீறினேன்.
முதற்கோடு, குளக்கட்டுச் சரிவு போல.
அடுத்தது இன்னும் நிமிர்ந்து.
அதற்கடுத்தது ஏணி.
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன,
இடையில் விரல் நுழையாது.
கடைசியைக் கீறப் போனேன்,
வெண்கட்டியைத் தூக்க வேண்டியிருந்தது.

ஏழு பேரும் பார்த்தார்கள்.
கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு,
நடுவில் வெறும் பலகை.

நாலாவது வரியை உள்ளங்கையால் அழித்தேன்.
மற்றப் பத்தும்
எங்கே பிடித்து நிற்பதென்று தெரியாமல் நின்றன.
யாரும் வசனத்தை முடிக்கவில்லை.
எல்லாருக்கும் தெரிந்திருந்தது,
சேருக்கு முதலே தெரியும்.

ஆறு நிமிடம்.
ஏழும் ஆகியிருக்கலாம்.

"கேக்குதோ?" என்றது சுவர்.

"கேக்குது ஜெசிந்தா.
'ஆனாக் கடைசியில' எண்டதில நிண்டது.
அங்கயிருந்து சொல்லுங்கோ."